கருகல் வாசனை வந்த மாலைகள்

என் கணவர் கல்ஃபுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டியை நானும் அத்தையும்தான் கட்டினோம். அவர் பகல் முழுக்கக் காருக்குள் படுத்துக்கிடந்தார். தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால்கள் கதவுக்கு வெளியே. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தார்.

"அங்க போயி கேசட்ல பேசி அனுப்பறேன். நீங்க கேக்கறதுக்கு ஒண்ணு வேணாமா?" என்றார்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்போது ஒரு ரேடியோ மட்டும்தான் இருந்தது. யாரிடமோ பழைய கார் டேப் செட் ஒன்றை வாங்கி வந்து பொருத்திக்கொண்டிருந்தார். கூடவே முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு குட்டி ஃபேன். வண்டி நிற்கும்போதும் கேட்க வேண்டும் என்பதால், சாவி போடாமலேயே இரண்டும் ஓடும்படி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தார். அம்பத்தூரில் அவர் ஃபிட்டராக இருந்த கம்பெனி மூடிவிட்டது. அதன் பிறகு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக விற்றோம். இந்தக் காரை மட்டும் விற்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கிய பழைய கார். அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதில்தான் போவோம்.

சாயங்காலம் ஒரு பாட்டு போட்டுக் காட்டினார். அத்தை பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

"நல்லாத்தான் கீது. நீ இல்லாத வூட்ல இத வெச்சிகினு நாங்க இன்னா பண்றது" என்றார் அத்தை.

என் கணவர் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

முதல் கேசட் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. லீவில் வந்த ஆவடிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தையும் நானும் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று ஆரம்பித்தார். சாப்பாடு, வேலை, வெயில், கூட இருக்கும் ஆட்கள். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கேசட்டை வாங்கி, பைபிள் இருக்கும் அலமாரியில் வைத்தார்.

அடுத்த முறை இரண்டு கேசட்டுகள் வந்தன. ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொண்டுவந்தவர் அதைத் தனியாக என் கையில் கொடுத்தார்.

அதை நான் தனியாகத்தான் கேட்டேன். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் விட்டு வந்து, காபி குடித்து, அத்தை பின்பக்கம் துணி எடுக்கப் போகிற நேரத்தில் ஷெட்டுக்குப் போவேன். காரில் ஏறிக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிடுவேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெயில் காய்ந்த வண்டி. உள்ளே உட்கார முடியாது. குட்டி ஃபேனைப் போட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் அவர் குரல்.

வீட்டில் இருந்தபோது அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டால் பதில் சொல்வார். கேசட்டில் அவர் வேறு ஆளாக இருந்தார். எங்கள் கல்யாணத்தன்று என் தலையில் இருந்த கனகாம்பரம் வாடிப்போயிருந்ததைப் பற்றிப் பேசினார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது நான் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையைப் பற்றி. எனக்கே அது மறந்துபோயிருந்தது. ஒருமுறை சொன்னார்: "நேத்து படுத்துகினு இருக்கும்போது நம்ம ஊட்ட சுத்தி வந்தேன். வாசல், கூடம், எல்லாம் வந்துச்சு. சமையல் ரூம் ஸ்விட்ச் கதவுக்கு வலப்பக்கமா இடப்பக்கமான்னு மட்டும் வரல. நீ எழுது. மறந்துடாத."

அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இடப்பக்கம் என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

வாசனை வர ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். முதலில் யாரோ வெளியே குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் வெளியே ஒன்றுமில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக் கருகினால் வருமே, அப்படி ஒரு வாசனை. கொஞ்சம் மீன் வாடையும் கலந்தது போல இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. சீட்டை முகர்ந்தேன், ஸ்டீயரிங்கை முகர்ந்தேன், பானெட்டைத் திறந்து பேட்டரியை முகர்ந்தேன். அதற்குள் வாசனை போய்விட்டது.

மின்சாரம் கருகும் வாசனை என்றால் வண்டி எரிந்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுத்த சனிக்கிழமையே அத்தையையும் ஏற்றிக்கொண்டு குமணன்சாவடிக்கு ஓட்டிப்போனேன். அங்கே ஜங்ஷனைத் தாண்டி, பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். என் கணவருக்குப் பழக்கம்.

அவர் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். ஹாரன், வைப்பர், செல்ஃப், டைனமோ எல்லாவற்றையும் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். எந்த வாசனையும் வரவில்லை.

"ஒண்ணியும் காணோமே டீச்சர். எல்லாம் நல்லாத்தான் கீது" என்றார்.

காடுவெட்டி வழியாகத் திரும்பி வரும்போதும் ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஷெட்டில் கேசட்டைப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதே வாசனை, முன்னைவிடக் கூடுதலாக.

மறுபடி குமணன்சாவடி போனோம். இந்த முறை கடைக்காரர், பேட்டரிக்குச் சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்தும் டைனமோ கட்-அவுட்டை மாற்றினார். வேறு எதன் மேலும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"எப்போ வருது டீச்சர்? ஓட்டிகினு போவும்போதா, நிறுத்தி வெச்சிகீறப்பவா?"

"நிறுத்தி வெச்சிருக்கும்போதுதான்."

"நிறுத்தி வெச்சிகீறப்ப உள்ள இன்னா ஓடிகினு இருக்கும்?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல. சும்மா துடைக்கறதுக்கு ஏறுவேன்" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புருஷன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அந்தக் கடையில், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? அதைவிட முக்கியமாக, கேசட் கேட்பதற்கும் வாசனைக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. டேப் செட்டில் சூடு இல்லை. தொட்டுப் பார்த்திருந்தேன். அது அவர் தன் கையால் பொருத்தியது. பழுது இருந்தால் டாக்டர் வீட்டுக் காலத்து ஒயரில்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன்.

கணவருக்கு எழுதினேன். வாசனையை எழுத்தில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிளக் கருகினது போல, மீன் போல, ஆனால் அதுவும் இல்லை என்றெல்லாம் எழுதினேன். பதில் கேசட்டாகத்தான் வந்தது. வருவதற்குள் கோடை முடிந்து ஒரு மழையும் பெய்துவிட்டது.

நான் வழக்கம்போல் கண்ணாடி ஏற்றி, ஃபேன் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை அவர் குரலில் அவசரம் இருந்தது. ஹெட்லைட் ஸ்விட்சுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லு, ஸ்டார்ட்டர் வயரைப் பார்க்கச் சொல்லு, ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கச் சொல்லு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். தான் போட்ட வேலையைப் பற்றி அவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கொஞ்ச நேரம் பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "எதுக்கும்மா வம்பு. வித்துடு. நீயும் அம்மாவும் அதுல போறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. வந்து வேற வாங்கிக்கலாம்."

நான் சீட்டில் சாய்ந்துவிட்டேன். காரை விற்றுவிட்டால் நான் எங்கே போய் இவரைக் கேட்பேன்? வீட்டில் எனக்கென்று ஒரு அறை இருந்தது, கட்டில் இருந்தது, அதிலெல்லாம் அவர் இல்லை. இங்கேதான் இருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு வண்டி.

அப்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

கண் எரிந்த பிறகுதான் கவனித்தேன். கதவைத் தள்ளித் திறந்து வெளியே விழுந்தேன். பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் நினைவிருந்தது. அது இறுகிப்போயிருந்தது. அதற்குள் அத்தை ஈரச் சாக்கோடு வந்துவிட்டார்.

"தண்ணி வேணாம் அத்தை, தண்ணி ஊத்தாதீங்க" என்றேன்.

"ஊத்தல. நீ நவுரு" என்று சாக்கைக் கீழே போட்டுவிட்டு, சேலைத் தலைப்பைச் சுற்றி டெர்மினலைப் பிடித்து முறுக்கினார். நானும் அவர் கையின் மேல் கை வைத்து முறுக்கினேன். கழன்று வந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் புகையும் அடங்கியது.

நாங்கள் இரண்டு பேரும் ஷெட் வாசலில் நின்று மூச்சு வாங்கினோம். அத்தை இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. துணிக்கொடி வீட்டுக்கு அந்தப் பக்கம்.

"எங்க இருந்தீங்க அத்தை?"

அவர் ஷெட்டின் பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கவிழ்த்த வாளி இருந்தது.

"தெனம் அங்கதான் ஒக்காருவேன்" என்றார். "வார்த்த ஒண்ணியும் புரியாது. கண்ணாடிய ஏத்தி உட்டுருவியே. சத்தம் மட்டும் வரும். அவன் சத்தம்னு தெரியும். அது போதும்னு ஒக்காந்துகினு இருப்பேன்."

வீட்டுக்கு வரும் கேசட்டில் அவர் அம்மாவோடு பேசியது கொஞ்சம்தான். உடம்பைப் பார்த்துக்கொள், மாத்திரை சாப்பிடு, அவ்வளவு. மீதி எல்லாம் என்னுடையதில் இருந்தது.

அத்தை தலைப்பில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அவன் பேசும்போதுதான் இந்த வாசன வருது. எனக்கு எப்பவோ தெரியும். நீ கார்லருந்து எறங்கி வர்ற அன்னிக்குத்தான் ஒம் பொடவைல அடிக்கும். கடைல நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. நீயே சொல்லாதத நான் எப்டி சொல்றது?"

பேட்டரியை மறுபடி மாட்ட பயமாக இருந்தது. தெரிந்தவருடைய வேன் ஒன்றை வைத்துக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். இந்த முறை கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப் செட், ஃபேன், மூடிய கண்ணாடி. சொல்லும்போது என் காது சுட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இத மொதல்லியே சொல்லிர்ந்தா கட்-அவுட்ட மாத்திருக்க மாட்டேன்" என்றார். "செட்டு மட்டும் போட்டா வருதா, ஃபேன் மட்டும் போட்டா வருதா, ரெண்டும் சேந்தா வருதான்னு பாத்துரலாம்."

சட்டென்று கழற்ற வசதியாக டெர்மினலை இறுக்காமல் மாட்டிவிட்டு, முதலில் ஃபேனை மட்டும் ஓடவிட்டார். ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, "கேசட்டு இன்னா கீது, போடுங்க" என்றார். நான் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த வீட்டுக் கேசட்டைக் கொடுத்தேன். "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்ற குரல் கடை முழுக்கக் கேட்டது. பக்கத்து டயர் கடையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாசனை வரவில்லை. பிறகு ஃபேனையும் சேர்த்துப் போட்டார். அவர் குரல் சோற்றைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் காருக்குள் தலையை நீட்டி மோந்துகொண்டு நின்றோம். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அத்தைதான் முதலில் சொன்னார். "வருது."

கடைக்காரர் இரண்டையும் நிறுத்திவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தார். என் கணவர் படுத்துக்கிடந்த அதே மாதிரி. கையை உள்ளே விட்டு ஒரு ஒயர்க் கொத்தை வெளியே இழுத்தார். நடுவில் ஒரு ஜாயிண்ட். அதன் மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப் உருகி வழிந்து, மண்ணெண்ணெய் அடுப்புத் திரி போல இருந்தது.

"ஒரே ஒயர்ல ரெண்டியும் இட்டுகினு போயிகீறாரு. அதுவும் காலிங் பெல்லுக்குப் போடற ஒயரு. நடுவுல ஃப்யூசு இல்ல. ஈயமும் வைக்கல, கையால முறுக்கி உட்டுகீறாரு. வண்டி ஆட ஆட லூசாயிகினே வந்து கீது. ஒண்ணு மட்டும் ஓடுனா தாங்குது. ரெண்டும் ஓடுனா சூடு ஏறுது."

"எம் புள்ளதான் போட்டான்" என்றார் அத்தை.

"மத்தபடி வேல நீட்டா கீதும்மா. ஊருக்குப் போற அவசரத்துல பண்ணிகீறாரு."

நான் அந்த ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் உருகினாலும் அதன் முனை தெரிந்தது. முனையைச் சின்னதாக உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தார். பிரிக்க வேண்டி வந்தால் நகத்துக்குச் சிக்க வேண்டும் என்று எதைச் சுற்றினாலும் அப்படித்தான் செய்வார். பரிசுப் பொட்டலமானாலும், கைக் காயத்துக்குக் கட்டும் துணியானாலும். பார்த்த மாத்திரத்தில் அவர் விரல்கள் எனக்குத் தெரிந்தன. கடைக்காரர் கட்டிங் பிளேயரால் இரண்டு பக்கமும் வெட்டி, அதைத் தரையில் போட்டார்.

தடித்த ஒயர் போட்டு, ஃபேனுக்குத் தனி லைன் இழுத்து, இரண்டுக்கும் ஃப்யூஸ் வைத்து, ஜாயிண்டுகளுக்கு ஈயம் வைத்தார். ஈயம் உருகும் வாசனை நன்றாக இருந்தது. முடித்துவிட்டு ஃபேனையும் கேசட்டையும் போட்டு அரைமணிக்கு மேல் ஓடவிட்டார். கேசட் ஒரு பக்கம் முடிந்ததும் அவராகவே திருப்பிப் போட்டார். ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு கீது" என்றார்.

என் கணவர் வித்துடு என்று சொன்னதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. விற்கவும் இல்லை. ரிப்பேர் செய்தாகிவிட்டது என்று அவருக்கு எழுதினேன். எங்கே பழுது என்று எழுதவில்லை.

அதற்குப் பிறகு அத்தையும் என்னோடு காரில் உட்கார்ந்தார். நான் முன்னால், அவர் பின்சீட்டில். எனக்கு வந்த கேசட்டையே போடுவேன். எந்த இடத்தில் எந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியுமாதலால் சில இடங்களில் கை ஸ்விட்சுக்குப் போகும். அதற்கு முன்பே அத்தை, "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று இறங்கிவிடுவார். அடுப்பில் பால் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து வந்து கதவைத் தட்டி, "வர்ட்டா?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொள்வார். சமையலறை ஸ்விட்ச் பற்றிய இடம் அத்தைக்கும் பிடித்துவிட்டது. அதைக் கேட்கும்போது ஒருமுறை, "நான் பெத்தவ, இதெல்லாம் எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சில வருடம் கழித்து அவர் லீவில் வந்தார். விமான நிலையத்திலிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில், அத்தை பின்னால். இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று இருந்தேன். பூந்தமல்லி தாண்டும் வரை ரோடு அகலமாகிவிட்டதைப் பற்றி மட்டும் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். கேட்டால் பதில் சொன்னார். சாப்பிட்டார், தூங்கினார், கதவுத் தாழ்ப்பாள்களைச் சரி செய்தார். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து புது ஒயரைப் பார்த்துவிட்டு, "என் ஜாயிண்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கேசட்ல அவ்ளோ பேசினீங்க. இங்க ஏங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?"

"அங்க நீ இல்ல. அதனால பேசினேன்" என்றார். "இங்கதான் இருக்கியே."

அது அன்பாகத்தான் சொன்னது. அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போதே எனக்குக் கேசட்டில் இருந்தவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. லீவு முடிந்து அவர் போனபோது அழுதேன். அழுதுகொண்டே, அடுத்த கேசட் எப்போது வரும் என்று மனம் கணக்குப் போட்டதும் உண்மை.

தொண்ணூறுகளில் எஸ்டிடி பூத்துகள் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் அவர் பக்கத்து பூத்துக்குப் போன் செய்வார். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவோம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். கேசட்டுகள் நின்றுபோயின. காரும் அடிக்கடி மக்கர் செய்தது. வானகரத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். டேப் செட், ஃபேன் எல்லாம் அதோடு போயின. அடுத்த லீவில் அவர் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு பெரிய டூ-இன்-ஒன் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

அவர் திரும்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம், அத்தையும் நானும் பழைய கேசட் ஒன்றை அதில் போட்டோம். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அத்தை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து அதை அணைத்தார்.

"கார்ல கேட்டா முன்சீட்ல ஒக்காந்து பேசிகினு வர்ற மாரியே இருக்கும்" என்றார். "இதுல எங்கியோ தூரத்துல இருந்து பேசறான்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கேசட்டை எடுத்து உறையில் போட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களைய உள்ளே போனேன்.